வயசுக்கேத்த தூரம்

இன்னும் முப்பது வருஷத்தில் இந்த வட்டாரத்தில் பாதிப்பேர் கிழடு தட்டிப் போவார்கள் என்று மேலிடத்தில் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்து, அவர்களுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்ட உத்தரவானபோது, ஐந்து ஊர்க்காரர்களும் அது தங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும் என்று கடையடைத்தார்கள், பஸ்ஸை மறித்தார்கள், பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள், பந்தலுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் உண்ணாவிரதம் இருந்தார்கள். நாள் ஆக ஆக நம்ம ஊருக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த ஊருக்கு மட்டும் போய்விடக் கூடாது என்ற ஒரே விஷயத்தில் ஐந்து ஊரும் ஒன்றுபட்டன. அப்படித்தான் ஐந்து ஊருக்கும் நடுவில், எந்த ஊருக்கும் பக்கத்தில் இல்லாத பேய்ப்பொட்டல், புல்லும் முளைக்காத அந்த உவர்நிலம், ஆஸ்பத்திரிக்கென்று முடிவானது.

கழுநீர்க்கோட்டையின் ஆஸ்பத்திரிப் போராட்டக் குழுவுக்குச் செயலாளர் சொக்கையா. மரகதத்தின் புருஷன். வீட்டில் விளக்குக்குத் திரி போடத் தெரியாத மனுஷன், பொட்டலில் மட்டும் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகளுக்கு முன்னால் முன்னால் நடந்தார். நடந்து பார்த்ததில் ஊத்துமேடு மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பது தெரிந்துபோனது. ஊத்துமேட்டுக்காரன் முதலில் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வானா என்று சொக்கையா சங்கிலியைக் கீழே போட்டார். ஊரை நகர்த்த முடியாது, பொட்டலையும் நகர்த்த முடியாது. ஆகவே ஊத்துமேட்டுச் சாலையை வளைத்துவிடுங்கள் என்றார் அவர். அதிகாரிகளும் வளைத்தார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் அடுத்தவன் சாலையை வளைக்கச் சொல்ல, கடைசியில் கல்லும் மேடும் ஓடையும் இல்லாத வெறும் சமதளத்தில் ஐந்து சாலைகளும் காரணமே இல்லாமல் வளைந்து வளைந்து, ஐந்தும் ஒரே நீளமாகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் முட்டின.

அன்றைக்குச் சொக்கையா கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். மரகதம் ஒரு விள்ளலை வாயில் போட்டாள், அது தொண்டையில் இறங்காமல் நின்றது.

"நாளைக்கு ஒங்களுக்கு நெஞ்ச அடைச்சா நீங்களும் அந்தப் பொட்டலுக்குத்தான போகணும்?"

"ஊத்துமேட்டுக்காரனும் அங்கதான வரணும்?" என்றார் சொக்கையா. சந்தோஷத்தில் அவர் முகம் பளபளத்தது. மரகதத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ விழுங்கியவள், இதையும் விழுங்கிக்கொண்டாள்.

ஊருக்கு ஊர் இருந்த சின்ன ஆஸ்பத்திரிகளைப் பூட்டி, அங்கிருந்த கட்டில், நாற்காலி, மருந்து அலமாரி, நர்ஸ் என்று எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது வெள்ளை வெளேரென்று எழும்பி நின்றது. ஐந்து ஊரிலும் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெரிந்தது.

திறப்பு விழா அன்று சாலைகள் நீண்டன. எழுபது தாண்டிய மந்திரி ஒருவர் ரிப்பன் வெட்ட வந்துகொண்டிருந்தார், வந்துகொண்டே இருந்தார். கார்க் கண்ணாடிக்கு நேராக ஆஸ்பத்திரி தெரிந்தது, வாழைமரம் கட்டிய வாசல் தெரிந்தது, தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு நின்ற பெண்ணும் தெரிந்தாள், காலையில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தார்களோ மத்தியானமும் அவ்வளவு பெரிதாகவே தெரிந்தார்கள். அவருக்குப் பின்னால் மோட்டார் பைக்கில் வந்த இளவட்டங்கள் அவரை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்து, டீ குடித்து, சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கித் தின்று, கையலம்பியும்விட்டார்கள். பொழுது சாய்ந்ததும் இளவயசுக் கலெக்டரே ரிப்பனை வெட்டினார். மந்திரி பாதி வழியில் திரும்பி, சாலை மிகவும் நன்றாக இருந்தது என்று பேட்டி கொடுத்துவிட்டுப் போனார்.

இருபது வயசுக்காரனுக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் சாலை முடிந்தது. நாற்பதுக்காரனுக்கு ஒரு தூக்கம் போடுகிற அளவுக்கு இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு முடியவே இல்லை. சாலையை விட்டிறங்கிப் பொட்டலில் குறுக்கே நடந்து பார்த்தவர்களும் உண்டு. பொட்டலும் சாலையைப் பார்த்து நீளப் பழகியிருந்தது. திரும்பி வருவதற்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரம்தான் ஆனது, ஆகவே யாரும் இதைப் பெரிய கஷ்டமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர்கள் எந்த ஊர் என்று கேட்பதை விட்டுவிட்டு என்ன வயசு என்று கேட்டார்கள். ஒரு கிழவர் ஏறினால் பஸ்ஸே போய்ச் சேராது என்பதால், பெரியவரே, கொஞ்சம் இறங்கிக்கோங்க, அவசரமாப் போறோம் என்று மரியாதையாகச் சொல்லி, கையைப் பிடித்து, செருப்பையும் எடுத்துக் கொடுத்து இறக்கிவிட்டார்கள். முப்பத்தெட்டு என்று சொல்லி இரண்டாங்கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்த ஒருவனைப் பெண்வீட்டார் சாலையில் ஓடவிட்டுப் பார்த்து, அவன் மறுநாள் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு சம்பந்தம் வேண்டாம் என்றார்கள். மாமியாரோடு சண்டை பிடித்த மருமகள்கள், அத்தை வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம் என்று அன்பாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பிறகு ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போகிற வழக்கம் வந்தது. அப்பனுக்கு மூச்சிரைப்பு என்றால் மகன் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பனைப்போலவே இருமிக் காட்டினான். டாக்டரும் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து ஊசி எழுதினார், ஊசியை மகனுக்கே போட்டார்கள். மாத்திரையை நர்ஸ் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பதால் அதையும் மகனே விழுங்கினான். பேரன்மார் தாத்தாமாருக்காக எக்ஸ்ரே மேஜையில் படுத்தார்கள், மருமகள்கள் மாமனாருக்காகச் சர்க்கரை சோதித்தார்கள். ஊரில் இளவட்டங்களுக்கு ரத்தக்கொதிப்பு இறங்கிக்கொண்டே போனது, கிழடுகளுக்கு ஏறிக்கொண்டே போனது. மருந்து வாங்கிக் கொடுத்தாயிற்று என்று பிள்ளைகளுக்கு மனசில் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியைத்தான் மரகதத்தால் சகிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் அம்மாவுக்குப் பதிலாகக் கண்ணாபரேஷன் செய்துகொண்டு, பச்சைக் கட்டோடு வந்து திண்டாடிய மகனை ஊரே மெச்சியது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அறுபதைத் தாண்டிய ஒருத்தர்கூட வந்ததாகப் பதிவில்லை என்பதால், இந்த வட்டாரத்தில் முதுமையே வெற்றிகரமாகத் தடுக்கப்பட்டுவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடத்திலிருந்து கேடயம் வந்தது. பிணங்கள் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தன. செத்தவருக்கு வயசு ஏறுவதில்லை என்பதால் பிணத்துக்குச் சாலை நீளவில்லை, தொண்ணூறு வயசுப் பிணமும் கல்லூரிப் பையன் போகிற வேகத்தில் போய்ச் சேர்ந்தது. ஆக, முதியோர் வார்டிலிருந்த கட்டில்களைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த நீள ஹால் முழுக்கக் குளிர்ப்பெட்டிகளை வைத்தார்கள். வாசலில் மாலைக்கடையும் பாடைக்கடையும் வந்தன. மக்களின் தேவையை அறிந்து செயல்படுகிறோம் என்று ஒரு பலகையும் வைத்தார்கள்.

இப்படியிருக்கையில் சொக்கையாவின் காலில் முள் குத்தியது. சர்க்கரைக்காரர். முள் குத்தியதும் தெரியவில்லை, புண்ணானதும் தெரியவில்லை. மரகதம்தான் வாடையை வைத்துக் கண்டுபிடித்தாள். பெருவிரல் கறுத்து, ஓரத்தில் மஞ்சளாக நீர் கசிந்துகொண்டிருந்தது. திருப்பூரிலிருந்த மகன் அப்பாவுக்குப் பதிலாகப் போய்த் தன் விரலைக் காட்டினான், நல்ல விரலை வெட்ட முடியாது என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்த ஒரு டாக்டருக்காவது புத்தி இருந்ததே என்று மரகதம் நினைத்துக்கொண்டாள். ஆளைக் கொண்டுவந்தால் இப்போது விரலோடு போகும், தாமதித்தால் கால் போகும், அதற்குமேல் உயிர் போகும் என்றும் அவர் சொல்லியனுப்பியிருந்தார். மதுரைக்குக் கொண்டுபோக விற்கலாமென்றால் நிலமில்லை, மகள் கல்யாணத்தோடு அது போயாயிற்று.

முனீஸ் என்கிற ஷேர் ஆட்டோக்காரன் மட்டும் வரச் சம்மதித்தான். சொக்கையாவின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மரகதம் உட்கார்ந்தாள். வெள்ளை ஆஸ்பத்திரி முன்னால் தெரிந்தது. வளைவு வந்தது, இன்னொரு வளைவு வந்தது, வந்த வளைவே மறுபடியும் வந்தது, மைல்கல் அதே எண்ணைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது, துணியைத் தாண்டி வாடை வந்துகொண்டே இருந்தது.

"ஆச்சி, நான் மட்டும்னா இந்நேரம் டீ குடிச்சிட்டுத் திரும்பியிருப்பேன்," என்றான் முனீஸ். "டீசல் இல்ல. திரும்பிருவோமா?"

"வீட்டுல போயி என்ன செய்ய? இங்கயே எறக்கி விட்டுரு."

அங்கே ஏற்கெனவே ஆள்கள் இருந்தார்கள். ஐந்து சாலைகளும் ஆஸ்பத்திரியை நெருங்கி வந்து ஒன்றையொன்று பார்க்கிற அந்த இடத்தில், கிளம்பிப் போய்ச் சேராத கிழடுகள் சாக்கையும் சேலையையும் கட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். திரும்பிப் போகலாம்தான். ஆனால் சிலர் போய்ப் பார்த்தபோது அவர்கள் கட்டில் கிடந்த இடத்தில் பேரனுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதனால் இங்கேயே வந்துவிட்டார்கள். வெட்டவெளியில் ஊருக்கொரு பக்கமாகத்தான் குடிசைகள் இருந்தன. கழுநீர்க்கோட்டைப் பக்கத்தில் மரகதமும் சேலையைக் கட்டி, இரவல் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டுச் சொக்கையாவைப் படுக்கவைத்தாள். ஊத்துமேட்டுப் பக்கம் மட்டும் முள்ளடர்ந்த ஒரு உடைமரம் நின்றது, பொட்டலிலேயே நிழல் அது ஒன்றுதான்.

சேதி கேள்விப்பட்டு ஒரு நாள் தமயந்தி என்கிற அதிகாரி வந்தாள். திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள், இளவயசு, அதனால் சட்டென்று வந்துவிட்டாள். சொக்கையாவின் காலைப் பார்த்தவள் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டாக்டருங்க இங்க வர்றதுக்குத் தயாரா இருக்காங்க," என்றாள். "ஒரு கூடாரம் போட்டா நாளைக்கே வெரல எடுத்துரலாம், மத்தவங்களயும் பாக்கலாம். எடம் மட்டும் அஞ்சு ஊரும் ஒத்துக்கணும். ஒருத்தர் மறுத்தாலும் கோர்ட்டுக்குப் போயிரும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த மரத்தடியில போட்டுரவா?"

மரத்தடி சொக்கையாவின் கட்டிலிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். மரகதம் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். மற்ற ஊர்க்காரர்களும் தலையை ஆட்டினார்கள். தமயந்தி இடத்தை அடையாளம் வைக்க முளைக்குச்சியை எடுத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து நடந்தாள். அப்போது, பத்து நாளாக எழுந்து நிற்காத சொக்கையா, அழுகிய காலின் குதிகாலை ஊன்றி எழுந்து நின்றார்.

"மரம் ஊத்துமேட்டுக்காரன் பக்கம்லா இருக்கு? அவன் நெழல்ல எந்திரிச்சுப் போவான், நாங்க வெயில்ல நடந்து வரணுமா?"

"ஐயா, ஒங்கள நாங்க தூக்கிட்டுப் போவோம்," என்றாள் தமயந்தி.

"அது முக்கியமில்லம்மா. ஊருக்குன்னு ஒரு மரியாத இருக்கு. அளந்து பாக்கணும்."

"ஒங்க காலு அழுகுது," என்றாள் மரகதம். "நாத்தம் எனக்குக் கொடலப் பெரட்டுது. பேசாம உக்காருங்க."

"அழுகுனா அழுகிட்டுப் போகட்டும்."

ஊத்துமேட்டின் குருவையா, எழுபத்தைந்து வயசுக்காரர், கண் தெரியாதவர், மரத்தடியில் படுத்திருந்தவர் அதைக் கேட்டு எழுந்தார். அளக்கட்டுமே, எங்களுக்கென்ன பயமா என்றார். அவ்வளவுதான், எழுந்திருக்க முடியாதவர்களெல்லாம் எழுந்தார்கள், இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள், இடுப்பு விட்டுப்போனவர்கள் தவழ்ந்து வந்தார்கள், யாரோ கிணற்றுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சொக்கையா ஒரு முனையைப் பிடித்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய பளபளப்பு வந்ததை மரகதம் பார்த்தாள்.

கிழடுகள் அளந்தால் நிலம் கயிற்றுக்கடியில் நீண்டது. கழுநீர்க்கோட்டைக்காரர் அளந்தபோது மரம் கழுநீர்க்கோட்டைக்குத் தூரமாக இருந்தது, ஊத்துமேட்டுக்காரர் அளந்தபோது ஊத்துமேட்டுக்குத் தூரமாக இருந்தது, ஒவ்வொரு ஊரும் அளந்து முடித்து அநியாயம் அநியாயம் என்று கத்தியது. தமயந்தி தன் நாடாவை எடுத்துத் தானே அளந்து காட்டினாள். எல்லா ஊருக்கும் நாலு எட்டு முன்னப்பின்னத்தான் வந்தது. சின்னப் பொண்ணு அளந்தா கம்மியாத்தான் வரும் என்று ஐந்து ஊரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் சாயங்காலம் வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு முளைக்குச்சியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மரகதத்திடம் வந்தாள்.

"அவர ஒத்துக்க வையிங்கம்மா. ஒரு வார்த்த சொன்னாப் போதும், நாளைக்கே வாரேன்."

மரகதம் அன்றைக்குச் சொன்னாள், மறுநாளும் சொன்னாள். திட்டிச் சொன்னாள், அழுதும் சொன்னாள், அழுததற்காகத் தன்மேலேயே அருவருப்புப் பட்டாள். கால் முழங்கால்வரைக்கும் கறுத்தது. புண்ணில் ஈ உட்கார்ந்தது, சேலைத் தலைப்பால் ஓட்டினாள், மறுபடியும் உட்கார்ந்தது. இந்த மனுஷனோடு நாற்பத்தைந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டேனே என்று நினைத்தாள். காய்ச்சல் வேகத்தில் அவர் கண்ணைத் திறந்தபோதெல்லாம் குடிக்கத் தண்ணீர் கேட்பாரோ என்று குனிந்தாள்.

"முளைக்குச்சிய எங்க அடிச்சாங்க?" என்று கேட்டார் சொக்கையா.

"எங்கயும் அடிக்கல."

"அப்பச் சரி," என்றார். அன்று மத்தியானமே செத்துப்போனார்.

மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்கிறவரைக்கும் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வண்டியை வரவழைத்தார்கள். வண்டி உடனே வந்தது. மரகதம் உள்ளே ஏறிப் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. வெள்ளை ஆஸ்பத்திரி முன்னால் தெரிந்தது. வளைவு வந்தது, இன்னொரு வளைவு வந்தது, வந்த வளைவே மறுபடியும் வந்தது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினான்.

"ஆச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க இருக்குற வரைக்கும் இவரு போய்ச் சேர மாட்டாரு."

அவள் சொக்கையாவின் முகத்தைப் பார்த்தாள். வெற்றி பெற்றவர் முகம்போல நிம்மதியாக இருந்தது. வேட்டியை இழுத்துக் காலை மூடிவிட்டு இறங்கினாள். அவள் இறங்கிய மறுநிமிஷம் வண்டி வாசலில் நின்றது, கதவு திறந்தது, இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் தெரிந்தது. உயிரோடு இருக்கையில் ஒரு எட்டுகூடக் கொடுக்காத சாலை, அவ்வளவு மரியாதையாக அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

திரும்பியபோது, வண்டி கிளம்பிய அதே இடத்தில், அவளுக்குப் பின்னால் கழுநீர்க்கோட்டைக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கூட்டத்தில் மூத்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மதினி, அண்ணன் சொன்ன சொல்ல நாம விட்டுரக் கூடாது. அவரு பேர்லயே குழு ஆரம்பிச்சுட்டோம். தலைவரா நீங்கதான் இருக்கணும்," என்று சொல்லி, அவள் கையில் அந்தக் கிணற்றுக் கயிற்றைக் கொடுத்தார். கயிற்றில் சொக்கையாவின் புண்ணிலிருந்து வழிந்தது காய்ந்து ஒட்டியிருந்தது. கூட்டம் கைதட்டியது. தூரத்தில் உடைமரத்தடியில் குருவையாவின் ஆள்களும் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள்.

மரகதத்துக்குக் குமட்டியது. இந்தத் தடவை விழுங்கவில்லை. கருப்பட்டி மிட்டாய் வாங்கிய நாளிலிருந்து அடக்கி அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கயிற்றின்மேலேயும் நடுச்சாலையிலும் வாந்தி எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள், கடைசியில் வெறும் பித்தநீர் வந்து நிற்கிறவரைக்கும் எடுத்தாள். கழுநீர்க்கோட்டைக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பாவம், புருஷன் போன துக்கம் என்று ஒருத்தி சொன்னாள். பிறகு கயிற்றை எடுத்து உதறி, வேட்டி முனையால் துடைத்து, அவள் வாந்தி எடுத்த இடத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து அளக்க ஆரம்பித்தார்கள்.